பாதிக்கு மேல் தறிச் சத்தம்

ஒரு காதைக் கெடுத்தது எந்தச் சத்தம் என்று கேட்டால் என் இயந்திரம் மூன்று நொடியில் சொல்லிவிடும். மிக்சி இத்தனை, குக்கர் விசில் இத்தனை, கல்யாண மண்டபத்து பேண்டு இத்தனை, தறி இத்தனை. தப்பே செய்யாது. அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு சத்தத்தின் பெயரை நான் ஒரே ஒரு முறை திருத்தினால் போதும், பிறகு அது மறக்கவே மறக்காது. இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

பள்ளிபாளையத்தில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுவந்த ஒரு பழைய சைசிங் மில்லின் மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம், செவிநல வாரியத்தின் கிளை. செவிநலச் சட்டம் வந்த பிறகு தறித் தொழிலாளிகள் எல்லோருக்கும், அவர்கள் பெறுகிற பிள்ளைகளுக்கும், காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு கருவியைப் பதித்துவிடுகிறோம். ஊரில் அதற்குப் பெயர் கடுகு. அளவும் அவ்வளவுதான். காதுக்குக் கெடுதலான சத்தம் எது வந்தாலும் கடுகு அதைப் பதிந்து வைத்துக்கொள்ளும். அந்தப் பதிவைப் படித்துப் பெயர் போடுவது என் இயந்திரத்தின் வேலை.

பெயர் எதற்கு என்றால், ஊசிக்கு. உள்காதில் செத்துப்போன மயிர்ச்செல்களை மறுபடியும் முளைக்க வைக்கும் ஊசி வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி. மருந்துச் செலவை ஏற்பவர்கள் தறி முதலாளிகள். எங்கள் தறி கெடுத்த காதுக்கு நாங்கள் பொறுப்பு, ஊரில் இருக்கிற மற்ற சத்தத்துக்கெல்லாம் நாங்களா பொறுப்பு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி என்று வாரியம் தலையை ஆட்டியது. பாதிப்பில் பாதிக்கு மேல் தறிச் சத்தத்தால் வந்திருந்தால் ஊசி உண்டு. இல்லையென்றால் இல்லை.

மேகலா முதல் தடவை வந்தது ஆடி மாதம். இருபத்தெட்டு வயது, பத்து வருடமாகத் தறி ஓட்டுகிறவள். இடுப்பில் ஒன்றேகால் வயது மகன் மிதுன். இந்த ஊர்க்காரர்கள் சாதாரணமாகப் பேசுவதே வெளியூர்க்காரர்களுக்குச் சண்டை போடுவது போலிருக்கும். தறி இரைச்சலில் பேசிப் பேசி வந்த பழக்கம். மேகலாவும் அப்படித்தான் பேசினாள்.

"பேரு சொல்லிக் கூப்ட்டா திரும்பவே மாட்டேங்கறானுங்க. பக்கத்து வீட்டுப் புள்ள இவனுக்கு ஒரு மாசம் சின்னது. அது அத்தைங்குது, மாமாங்குது. இவன் வாயே தொறக்கறதில்லீங்க."

பரிசோதித்தேன். பாதிக் கேட்கும் திறன் போயிருந்தது. ஒன்றேகால் வயதில்! கடுகின் பதிவை இயந்திரத்தில் போட்டேன். தறி இருபத்தொரு விழுக்காடு. மிக்சி, மண்டபத்து மேளம், தீபாவளி, பஸ் ஹாரன் எல்லாம் சேர்ந்து பதினைந்து. மீதி அறுபத்து நாலும் ஒரே பெயரில் வந்தது. ஸ்பீக்கர்.

"வீட்டுல ஸ்பீக்கர் வச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க. இவன் தூங்கறதுக்குத்தான்." அவள் சிரித்தாள். "ஒம்பது மாசம் வரைக்கும் தறி ஓட்டினனுங்க. வயித்துக்குள்ள இருந்தே அந்தச் சத்தத்துல தூங்கினவன். பொறந்தப்பறம் சத்தமில்லாம படுக்க வச்சா கத்தித் தீத்துடுவான். கரண்ட் போனா, பட்டறைக்கு லீவு விட்டா, அன்னைக்கெல்லாம் வீட்ல யாருக்கும் தூக்கமில்லீங்க."

முன்பெல்லாம் தறி ஓட்டும் பெண்கள் தொட்டிலைப் பட்டறைக்குள்ளேயே கட்டிக்கொள்வார்கள். இரண்டு தறிக்கு நடுவில் குழந்தை நிம்மதியாகத் தூங்கும். சட்டம் அதைத் தடை செய்தது. மேகலா சட்டத்தை மதித்தாள். அவள் வீடு பட்டறையை ஒட்டிய லைன் வீடு, நடுவில் ஒரே சுவர். தொட்டிலை வீட்டில் கட்டிவிட்டு, அரை மணிக்கொரு தரம் ஓடி வந்து பார்த்துக்கொண்டாள். புருஷன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருப்பான். மகனைத் தூங்க வைக்க வேறு வழி தெரியாமல் தறிச் சத்தத்தை ஒரு மணி நேரம் போனில் பதிந்து, கையளவு ஸ்பீக்கர் ஒன்று வாங்கித் தொட்டில் கயிற்றில் கட்டி ஓடவிட்டாள்.

"எவ்வளவு சத்தமா வைப்பீங்க?"

"மெதுவாத்தானுங்க வைப்பேன். பச்சப்புள்ள காது பாருங்க. எனக்கே லேசாத்தான் கேக்கும்."

எனக்கே லேசாகத்தான் கேட்கும். அவளுடைய சோதனை அறிக்கையும் என் மேசையில்தான் இருந்தது. பத்து வருடத் தறியில் அவள் காது முக்கால்வாசி போய்விட்டது. தறிக்குத் திரும்பினால் முளைத்ததும் செத்துவிடும் என்று தனக்கு ஊசி வேண்டாமென விட்டுவிட்டாள். முதலாளி கொடுத்த பஞ்சடைப்பானை யாரும் போடுவதில்லை. போட்டால் நூல் அறுந்து தறியின் சத்தம் மாறுவது தெரியாது, துணி கெட்டுவிடும். அந்தக் காதை வைத்துக்கொண்டு அவள் மகனுக்கு மெதுவாக வைத்திருக்கிறாள். அவளுக்கு லேசாகக் கேட்ட சத்தம் தொட்டிலுக்குள் நிஜத் தறிக்குக் கொஞ்சமும் குறையாமல் ஓடியிருக்கிறது.

சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். உண்மையைச் சொல்வது என் வேலை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் மகனின் காது மடலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். "நானா கெடுத்தேன்?" என்று கேட்டாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அதுவும் தறிச் சத்தந்தானுங்களே" என்றாள். "தறியில வந்தா என்ன, ஸ்பீக்கர்ல வந்தா என்ன? எங்க மொதலாளியோட தறிதான் அதுல ஓடுது."

எனக்குப் பேச ஆசையான விஷயத்தைக் கேட்டுவிட்டாள். "ரெண்டும் வேறம்மா. நிஜத் தறின்னா தரை அதிரும், சுவர் அதிரும், அந்த அதிர்வும் கடுகுல பதியும். ஸ்பீக்கர்ல அது வராது. சில பேர் ஊசிக்காகப் போன்ல தறிச் சத்தத்த ஓடவிட்டுக் காதுல வச்சுக்கிட்டாங்கன்னு முதலாளிங்க புகார் சொன்னாங்க. அதனால நான் எட்டு மாசம் பட்டறை பட்டறையா உக்காந்து இந்த வித்தியாசத்தக் கத்துக்கொடுத்தேன்" என்றேன். அதற்கு எனக்குக் கேடயம் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியிருப்பேன், நல்லவேளை நிறுத்திக்கொண்டேன்.

வெளியே பெஞ்சில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். அவள் காதோரத்தில் பச்சை விளக்கு மினுக்கியது. மேகலா அதையே பார்த்துக்கொண்டு, "அந்தப் புள்ள காதுல என்னங்க?" என்று கேட்டாள்.

"செவிக்காப்பு. ஊசி போட்டு முளைச்ச செல் ரொம்ப இளசு. ஒரு சத்தம் தாங்காது. அதனால மூணு வருஷம் காப்பு இருக்கணும். தறி, மிக்சி, ஹாரன், வெடின்னு என் இயந்திரம் கத்துக்கிட்ட பட்டியல்தான் அதுலயும் இருக்கு. பட்டியல்ல இருக்கற எது வந்தாலும் காதை முழுசா மூடிடும், விளக்கு சிவப்பாயிடும். பேச்சு, பாட்டு, காக்கா குருவி எல்லாத்தையும் உள்ள விடும்."

"மெதுவா வந்தா விடுமுங்களா?"

"விடாது. சத்தம் பெருசா சின்னதான்னு பார்க்காது, எதோட சத்தம்னுதான் பார்க்கும். பெருசானப்புறம் மூடினா லேட்டு."

நான் மறுப்புப் படிவத்தை நிரப்ப ஆரம்பித்தேன்.

"மேடம், ஒன்னு கேக்கறனுங்க. நான் சட்டத்த மதிக்காம தொட்டிலப் பட்டறைக்குள்ளயே கட்டியிருந்தா, இவனுக்கு ஊசி கெடச்சிருக்குமுங்களா?"

"கிடைச்சிருக்கும்" என்றேன். "பாதிக்கு மேல தறிச் சத்தம்னு வந்திருந்தா."

கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னேன். தலையைக்கூடத் தூக்கவில்லை.

அடுத்து அவளைப் பார்த்தது பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம். ஆறு மாதம் ஆகிவிட்டது. மிதுன் நடக்கிறான். என் மேசை மேலிருந்த காகிதத்தையெல்லாம் இழுத்துப் போட்டான். மேகலா முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்தாள், பரீட்சை நன்றாக எழுதிவிட்டு ரிசல்ட் பார்க்க வந்தவளைப் போல.

"இப்பப் பாருங்க மேடம்."

காதைப் பரிசோதித்தேன். போன தடவை பாதி போயிருந்தது. இப்போது கால்வாசிதான் மிச்சம். பதிவை இயந்திரத்தில் போட்டேன். தறி, நாற்பத்தொன்பது புள்ளி ஒன்று.

நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். நான் மறுத்து அனுப்பிய மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்திருக்கிறது. தினமும் எட்டு மணி நேரம், நிஜத் தறி, தரை அதிர. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை.

"மேகலா, என்ன பண்ணினீங்க?"

"தொட்டிலப் பட்டறையில கட்டிட்டனுங்க. மொதலாளி பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டாரு. எனக்கும் வேல சுலபம், ஓடி ஓடி வந்து பாக்க வேண்டியதில்ல. ஸ்பீக்கரத் தூக்கி ஆத்துல எறிஞ்சுட்டேன்." அவள் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். தணித்தும் ஹாலில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும். "பாதிக்கு மேல வந்துடுச்சுங்களா? அபராதம் போட்டா நான் கட்டிக்கறேன். ஊசி குடுத்துருங்க."

"இன்னும் கெட்டுப்போச்சேம்மா காது."

"அதான் ஊசி போட்டா மொளச்சுக்குமுங்களே" என்றாள். எனக்கு இது கூடப் புரியவில்லையே என்று ஆச்சரியமாகப் பார்த்தாள்.

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. விதி எப்படியோ அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறாள். அந்த விதியை அவள் கையில் கொடுத்தவள் நான்.

மண்டல அலுவலர் கிருபாகரனிடம் ஓடினேன். கெட்டவரில்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற நல்லவர்.

"பாதிக்கு மேலன்னா பாதிக்கு மேல. இன்னைக்கு நாப்பத்தொன்பதுக்குக் குடுத்தா நாளைக்கு நாப்பத்தஞ்சு வரும்."

"திருப்பி அனுப்பினா இன்னும் ஒரு மாசம் தறிக்குள்ள தொங்க விடுவா சார். பாதியத் தாண்டிட்டு வருவா. அப்ப செல்லோட வேரும் செத்துடும். ஊசி போட்டும் முளைக்காது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "பதிவுல எதாவது பேர் தப்பா விழுந்திருக்கான்னு பாருங்க. அது உங்க வேலைதானே" என்று சொல்லிவிட்டுப் பழையபடி பைலைத் திறந்தார்.

என் இருக்கைக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. எட்டு மாதம் அல்லவா சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கடைசியில் ஒரு வரி. குரல், தாய், ஒன்று புள்ளி ஆறு. வீடு என்ற தலைப்பில் விழுந்திருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டேன்.

முதலில் தறி. ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா அங்கும் இங்கும் அடிக்கிற அடி. அதற்கு மேல், காதுக்கு அரை அடியில், தொண்டை கிழிய ஒரு கத்தல்.

"தூங்கு சாமி! அம்மா இங்கதான் இருக்கேன்! இன்னும் கொஞ்ச நாளு! பொறுத்துக்க தங்கம்! இன்னும் கொஞ்ச நாளுதான்!"

ஆறு மாதம் முழுக்க அதுதான். தினமும் இருபது முப்பது தடவை. தறியை விட்டு வந்து தொட்டிலுக்குள் குனிந்து, தன் காதுக்கே எட்டாத குரலைத் தறிக்கு மேல் எழுப்பி, கொஞ்சியிருக்கிறாள். கெடுதல் செய்கிற அளவுக்குச் சத்தமான கொஞ்சல். என் இயந்திரம் அதையும் விடாமல் கணக்கில் எழுதி, அவள் மகனுக்கு ஊசி கிடைக்காமல் செய்திருந்தது.

அழுதேன். பிறகு அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, 'தாய்' என்பதை அழித்துவிட்டு, 'தறி' என்று போட்டேன். இயந்திரம் கேட்டது: இந்தத் திருத்தத்தைக் கற்றுக்கொள்ளலாமா? அது எப்போதும் கேட்கும். நான் எப்போதும் ஆம் என்றுதான் அழுத்துவேன். கை பழக்கத்தில் அழுத்திவிட்டது.

தறி, ஐம்பது புள்ளி ஏழு.

மேகலா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் உத்தியோகத்தில் உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டேன் என்று நானும் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

முதல் ஊசி மாசியில் போட்டார்கள். ஆறு வாரம் கழித்து, பங்குனியில், சோதனைக்கு வந்தார்கள். மிதுனின் காதோரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. நான் சாவிக்கொத்தை ஆட்டினேன். திரும்பினான். ஜன்னலில் காக்கா கத்தியது. அம்மா கையை விடுவித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினான். மேசையைத் தட்டினேன், அவனும் வந்து தட்டிக் காட்டிச் சிரித்தான். காதுச் சோதனைப் படத்தில் கோடுகள் கிடுகிடுவென்று ஏறியிருந்தன. இத்தனை வருடத்தில் இவ்வளவு நன்றாக முளைத்து நான் பார்த்ததில்லை.

"எல்லாம் கேக்குதுங்க" என்றாள் மேகலா. "டீக்கடைக்காரரு கூப்ட்டா ஓடறான். பக்கத்து வீட்டு அக்கா பாடுனா ஆடறான். நான் கூப்ட்டா மட்டும் திரும்ப மாட்டேங்கறானுங்க. எதுக்குங்க மேடம்?"

"கூப்பிடுங்க பார்ப்போம்."

"மிதுனு! டேய் தங்கம்!"

பச்சை விளக்கு சிவப்பானது.

காக்கையைப் பார்த்து எதையோ பிதற்றிக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்றான். சுற்றும் முற்றும் பார்த்தான். காக்காவின் அலகு திறந்து மூடியது. அவனுக்கு அந்தச் சத்தமும் இல்லை, எந்தச் சத்தமுமே இல்லை. மேகலா வாயை மூடினாள். விளக்கு பச்சையானது. அவன் மறுபடியும் காக்காவிடம் போனான்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பட்டியலைத் திறந்தேன். தறி, பள்ளிபாளையம் என்ற தலைப்பில் எட்டு மாதம் நான் சேகரித்த தறிகளுக்குக் கீழே புதிதாக மேகலாவின் குரல் சேர்ந்திருந்தது. திருத்தியவர் என்ற இடத்தில் என் பெயர்.

கிருபாகரன் முழுவதையும் கேட்டார். இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"பட்டியல்ல இருந்து ஒரு பேரை எடுக்கணும்னா காரணம் எழுதணும். எழுதினா தணிக்கைக்குப் போகும். போனா நாப்பத்தொன்பது புள்ளி ஒன்னு வெளிய வரும். மீதி ரெண்டு ஊசி நின்னுடும்."

"ஒரு ஊசியோட நின்னா முளைச்சது உதிர்ந்துடும் சார்."

"தெரியும்."

"காப்பைக் கழற்றிட்டா?"

"பட்டறைக்குப் பக்கத்துல குடியிருக்காங்க. எத்தனை நாள் தாங்கும்னு உங்களுக்கே தெரியும்." அவர் குரல் இறங்கியது. "மூணு வருஷம்தானேம்மா. அதுக்குள்ள அவனுக்குப் பேச்சு வந்துடும். யார்கிட்டயாவது கத்துக்குவான்."

யாரிடமாவது! அந்த மனிதரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடித்திருந்தால் நியாயமாக முதல் அடி எனக்குத்தான் விழுந்திருக்க வேண்டும்.

ஹாலுக்குத் திரும்பினேன். உண்மையைச் சொன்னால் இவள் என்ன செய்வாள் என்று யோசித்தேன். என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். என் பேச்சுக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கே தொட்டிலைத் தறிக்குள் கட்டியவள். இனிமேல் மகன் எதிரில் வாயே திறக்க மாட்டாள். மகனுக்கு உலகமெல்லாம் கேட்கட்டும் என்று மூன்று வருடம் ஊமையாக இருப்பாள். அதையும் என் வாயால் சொல்ல வேண்டுமா? ஒரு தடவை நான் சொன்ன உண்மை போதாதா?

"கேட்கறது நல்லா வந்திருக்கு" என்றேன். "உங்க குரல் பழக இன்னும் நாளாகும். அதுவரைக்கும், பட்டறையில நீங்க ஒருத்தருக்கொருத்தர் பேசுவீங்களே, கைச்சாடை, அதுல பேசுங்களேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காது கேக்காதப்ப கைச்சாடை காட்டுனேன். காது வந்தப்பறமும் எதுக்குங்க? பேசப் பேசத்தானே பழகுமுங்க. நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன். இத்தன நாள் பேசாததுக்கெல்லாம் சேத்துப் பேசறேன்."

மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அம்மா சொல்லு. அம்மா. சொல்லு சாமி, அம்... மா."

விளக்கு சிவப்பானது. மிதுன் விளையாட்டை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தான். பிறகு வலது கையை எடுத்து அவள் வாயைப் பொத்தினான். விளக்கு பச்சையானது. வெளியே காக்கா கத்தியது. அவன் முகம் மலர்ந்தது. கையை எடுக்கவேயில்லை.

மேகலா அந்தக் குட்டிக் கையை மெல்ல விலக்கிவிட்டு என்னைப் பார்த்து, "தறி நின்னப்பறம் வீட்லயும் இதே வெளயாட்டுதானுங்க" என்றாள். "வாயத் தொறந்தாப் போதும், ஓடி வந்து பொத்திக்குவான். எம்மேல அவ்வளவு ஆசைங்க."

அதற்குள் அவன் மறுபடியும் பொத்தினான், இந்தத் தடவை இரண்டு கையாலும். நான் படிவத்தில் 'முன்னேற்றம் நன்று' என்று எழுதி, இரண்டாவது ஊசிக்குக் கையெழுத்துப் போட்டேன்.